இரண்டு பெட்டி பல்செட் மாத்திரை

மார்ச் 5, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு இன்றும் அந்த ஆள் வந்தார். இரண்டு பெட்டி பல்செட் மாத்திரை, பொய்ப்பல்லைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவது. என் நாலு முன்பல்லுக்கு ஒரு பெட்டி எத்தனையோ நாள் வருகிறது. இவர் என்ன, முதலைக்குப் பல் கட்டி வைத்திருக்கிறாரா? வயது ஐம்பதுகூட இருக்காது, பாவம்.

பில் போடும்போது சிரித்தார். அசல் பல் மாதிரியே இருந்தது. யாரிடம் கட்டினீர்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் என் கதையும் வெளியே வந்துவிடும். சின்ன வயதில் லாயத்தில் குதிரை உதைத்துப் போன பற்கள். விருந்தாளிகள் முன்னால் பல்லைக் கழற்றச் சொல்லி, "வெர்னா, கேட்டைத் திறந்து காட்டு" என்பான் ராய்ஸ். அவனை விவாகரத்து செய்த பிறகு யாருக்கும் சொன்னதில்லை.

மார்ச் 14, வியாழன்

அவர் பெயர் கார்லண்ட். சனிக்கிழமை சாப்பிடப் போகலாமா என்று கேட்டார். சரி என்றேன்.

பக்கத்துக் கவுண்டர் ட்வைலா காதைக் கடித்தாள்: "ஏன்டி, பல்செட்டு ஆளா? முத்தம் குடுத்தா கையோட வந்துரப் போவுது!" நானும் சிரித்தேன், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

மார்ச் 16, சனி

அவருக்குச் சங்கடம் வேண்டாமென்று வேகவைத்த பீன்ஸும் மசித்த உருளைக்கிழங்கும் இரண்டு பேருக்கும் நானே ஆர்டர் சொன்னேன். பக்கத்து மேசையை ஏக்கமாகப் பார்த்தார். "வறுத்த கோழி சாப்பிட மாட்டீங்களா?" என்றார்.

"எனக்கு மெத்துனு இருந்தாத்தான் பிடிக்கும்" என்றேன்.

என்ன ஒரு தியாகம்! எனக்கும் அதுதான் வசதி என்பது வேறு விஷயம்.

மார்ச் 29, வெள்ளி

மறுபடி உருளைக்கிழங்கு. மனுஷன் பல்லைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் சொன்ன நிமிஷம் நானும் சொல்லிவிடுவேன். ஒரே அலமாரியில் பல் ஊற இரண்டு டம்ளர் — வேறென்ன கேட்டேன் நான்?

ஏப்ரல் 13, சனி

"உன்கிட்ட ஒண்ணு காட்டணும். சிரிக்கக் கூடாது" என்றார் கார்லண்ட். பல்லைத்தான் காட்டப் போகிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வீட்டு நிலவறைக்கு இறங்கினோம். விளக்கைப் போட்டார்.

கீபோர்டுகள்! சுவர் முழுக்கப் பழைய கம்ப்யூட்டர் கீபோர்டுகள். ஒவ்வொன்றும் கல் மாதிரி கனம். மேசைமேல் ஒரு கிண்ணத்தில் எழுத்துப் பொத்தான்கள் ஊறிக்கொண்டிருந்தன. குமிழி குமிழியாக — நான் விற்ற மாத்திரை.

"முப்பது வருஷ அழுக்கும் போயிடும், தெரியுமா?"

"அப்ப உங்க பல்லு?"

"என் பல்லுக்கு என்ன?"

அத்தனையும் அசல்! யாருக்காகடி கிழங்கு தின்னே இத்தனை நாளும்?

ஒரு கீபோர்டைக் கம்ப்யூட்டரில் மாட்டி என் முன்னால் வைத்தார். "அடிச்சுப் பாரு. நம்ம ஊரு லெக்சிங்டன்லயே செஞ்சது. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில ஒரு ஸ்பிரிங். இப்ப வர்றதெல்லாம் மசிச்ச உருளைக்கிழங்குல விரலை விட்ட மாதிரி."

உருளைக்கிழங்கைப் பற்றி என்னிடமே!

கோபத்தில் குத்தினேன். டக், டக், டக். சனியன், நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் ‘கேட்டுக்கிட்டேன்’ என்று பதில் சொன்னது. ராய்ஸ் ஒருநாளும் அப்படிச் சொன்னவனில்லை. நிறுத்தவே மனம் வரவில்லை. நிமிர்ந்தால் திரையில் நிற்கிறது: என் முன்பல் நாலும் பொய்.

அவர் படித்தாரா என்றுகூடப் பார்க்காமல் படியேறி ஓடி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

போன் வரவில்லை. தொட்டதும் உண்மையைக் கக்க, அது கீபோர்டா போலீஸ் ஸ்டேஷனா? என்னடி பண்ணித் தொலைச்சே, வெர்னா.

ஏப்ரல் 16, செவ்வாய்

கவுண்டரில் வந்து நின்றார். இரண்டு பெட்டி. பில் போட்டதும் ஒன்றை என் பக்கம் தள்ளினார். ட்வைலா பார்த்துக்கொண்டே இருக்கிறாள்!

"ஒண்ணு கேக்கணும். நீ ராத்திரி முழுக்க ஊற வைப்பியா, கொஞ்ச நேரம் போதுமா?"

முகத்தில் இரக்கமும் இல்லை, கேலியும் இல்லை. சந்தேகம் கேட்க இத்தனை நாள் ஆள் கிடைக்காதவரின் ஆவல் மட்டும்தான்.

"தண்ணி வெதுவெதுப்பா இருந்தா கொஞ்ச நேரமே போதும்" என்றேன். ட்வைலாவின் வாய்தான் மூடவில்லை.

மே 12, ஞாயிறு

காலையில் அவர் வீட்டுக் குளியலறையில் என் டம்ளர் காலி. தேடிக்கொண்டிருக்கும்போதே நிலவறையிலிருந்து சத்தம்: "வெர்னா! இந்த நாலும் சேர்ந்தாப்புல வருதே, எந்தக் கீபோர்டுது?"

ஒரு மாத்திரையை மிச்சம் பிடிக்க என் பல்லையும் எழுத்துப் பொத்தான்களையும் ஒரே கிண்ணத்தில் போட்டிருக்கிறார், கஞ்சர்.

இருவருக்கும் காபி எடுத்தேன்; இரண்டு கையிலும் கோப்பை. வாயை எதைக்கொண்டு மூடுவது? அப்படியே இறங்கிப் போனேன்.