லேமினேட் செய்த உயில்

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். என் கையில் டோக்கன் அறுபத்து மூன்று, பலகையில் ஓடுவது முப்பத்தொன்று.

என் வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மா, தம்பி, நான் மூவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், அந்தக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாயா இல்லையா என்பதை மட்டும் மறைக்காமல் எழுது. தம்பி இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக மூக்குக் கண்ணாடியை உடைத்துவிட்டான், கேட்டால் அதுவாகவே உடைந்ததாம். அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட் கிடைத்துவிட்டது. அத்தை உயில் என்ன ஆச்சு, ஏன் மழுப்புறீங்க என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால் நீதிமன்றத்து பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று ஆடுகிறது, ஒரு வாஷர் போட்டால் தீர்ந்துவிடும், போடத்தான் இந்தக் கட்டடத்தில் ஒருத்தருக்கும் கை வரவில்லை.

அத்தை போய் ஏழு வாரம் ஆகிறது. வீடு எங்கள் அப்பா காலமானபோது வாரிசுப் பங்காக அத்தைக்கு வந்தது, தனக்குப் பிள்ளை இல்லாததால் அதை, போய்ச் சேர்ந்த மாமாவின் முதல் தாரத்து மகளுக்கு, அதாவது உன் தையல் அக்காவுக்கு எழுதி வைத்திருக்கிறாள். அத்தை கல்யாணமாகிப் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. முப்பது வருடம் இரண்டு பேரும் ஒரே வீட்டில், கடைசி இரண்டு வருடம் அத்தையைக் குளிப்பாட்டியது அவள்தான், நானோ உன் பெரியப்பாவோ இல்லை. ஆனால் சட்டத்தின் கணக்கில் அவள் அத்தைக்கு யாருமே இல்லை, தத்து எடுத்ததாக ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. உயில் நின்றால் வீடு அவளுக்கு, நிற்காவிட்டால் கூடப் பிறந்த பெரியப்பாவுக்கும் எனக்கும் பாதிப் பாதி. உயில் எழுதினால் மட்டும் போதாது, நீதிமன்றம் பார்த்து, இது உண்மையான உயில்தான் என்று சான்று தர வேண்டும், அதற்குத்தான் புரோபேட் என்று பெயர். அதை வாங்கும் பொறுப்பை அத்தை என்னிடம் விட்டிருந்தாள், நான் ஒழுங்கான ஆளாம்.

என் ஒழுங்கைக் கேள். லிஃப்ட் அறையில் வயரிங் படங்களில் எண்ணெய் படாமல் இருக்க எல்லாவற்றையும் லேமினேட் செய்வேன், உனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் அத்தை உயிலைக் கையில் கொடுத்ததும், பின்னை எடுத்து ஸ்கேன் செய்து, என் ஸ்டேப்ளரால் மறுபடி பின் அடித்தேன். அப்புறம் கரையான் அரித்துவிடுமே என்று அந்தப் பின்னையும் பிடுங்கி, இரண்டு தாளையும் லேமினேட் செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!

போன வாரம் இங்கே கொண்டுவந்து நீட்டினால், உயில் பிரிவு அதிகாரி அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்ன சார் இது, ஓட்டல் மெனு கார்டா என்றார். மையைப் பாக்கணும், தாளை வெளிச்சத்துல பிடிச்சுப் பாக்கணும், நீங்க பிளாஸ்டிக்கைக் கொண்டாந்து நீட்டுறீங்க, அது போகட்டும், பின் குத்தின ஓட்டை ரெண்டு ஜோடி இருக்கே, நடுவுல இருந்த தாள் எங்க என்று கேட்டார். பதினேழு வருட லிஃப்ட் மெக்கானிக் வேலையில் ஒரு ஆளைக்கூட உள்ளே மாட்டவிடாதவன் நான், என்னைப் பார்த்துத் தாள் திருடியவன் மாதிரிக் கேள்வி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்த அம்மாவோ அசையாமல், பின்னை யாரு, எதுக்கு, எப்ப எடுத்தாங்கன்னு பிரமாணப் பத்திரம் போடுங்க, சாட்சியையும் ஒண்ணு போடச் சொல்லுங்க, உயில் நின்னா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுல்ல, அப்ப உங்க வார்த்தைக்கு எடை உண்டு என்றார். சரியான பேச்சுதான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இதை உன் பெரியப்பாவிடம் சொன்னது என் இரண்டாவது முட்டாள்தனம். டேய் அதிகப்பிரசங்கி, உயில் நிக்கலைன்னா யாருக்குடா லாபம், நீ கிழிக்கலையே, பத்திரமாத்தானே வச்சே, வாயை மூடிக்கிட்டு சும்மா இரு, அது போதும், அவ யாருடா நமக்கு என்கிறார். அவள் தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று கேட்கிறார்! பிரமாணப் பத்திரம் கொடுத்தால் தன் வீட்டுப் படி ஏறக் கூடாதாம்.

சாட்சி இரண்டு பேரில் தட்டச்சு வாத்தியார் போன வருடமே போய்விட்டார். மிச்சம் மருந்துக்கடைக்காரர், அவர் கடையோ பெரியப்பாவின் கட்டடத்தில். பயந்துகொண்டேதான் போனேன். ரெண்டே தாள்தான் தம்பி, பின் அடிச்சதே என் கடை ஸ்டேப்ளர், மாத்திரைக் கவர் அடிக்கிற குட்டி என்று எடுத்துக் காட்டினார். அங்கேயே காலிப்பர் வைத்து அளந்தேன். அவர் பின்னுக்கு ஓட்டைக்கு ஓட்டை எட்டரை மில்லிமீட்டர், என் பின்னுக்குப் பன்னிரண்டரை. உயிலில் இருந்த ஓட்டைகளும் அதே அளவு, இரண்டு ஜோடிக்கும் ஆள் கிடைத்துவிட்டது. உங்கண்ணன் நேத்தே வந்து டீ குடிச்சிட்டு, எனக்கு ஞாபக மறதி வந்திருக்கான்னு அக்கறையா விசாரிச்சாரு, ஆயிரம் மாத்திரை பேரு ஞாபகம் இருக்கு, ரெண்டு தாள் மறந்துடுமான்னு கேட்டேன், டம்ளரைக்கூட கீழ வைக்காம கிளம்பிட்டாரு என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் அக்கா, வீட்டைக் காலி பண்ண வேண்டிவரும் என்று, துணி வெட்டும் மேஜையைக் கழற்றிக் கட்டி வைத்துவிட்டாளாம், அம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். மாமா என்ன பண்ணுவாரு பாவம், கோர்ட்டு விஷயம் என்று எனக்கே பரிந்து பேசினாளாம். நீதிமன்றத்தில் தாமதம் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீயும் தெரிந்துகொள். உயிலில் இரண்டு சாட்சிகள் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், சொத்தைப் பெறப்போகிறவர் சாட்சியாக நிற்கக் கூடாது. மூலத் தாளை ஒரு குண்டூசிகூடத் தொடக் கூடாது. எங்கே இருக்கிறது என்று பொறுப்பாளருக்குத் தெரிய வேண்டும். நீ படிப்பை முடித்து, உன் சம்பாத்தியத்தில் தலை நிமிர்ந்து, நோய்நொடி இல்லாமல் இருக்க அப்பா அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு. பல் டாக்டரிடம் போ. நான் இனிச் செய்யப்போவது இது:

1. என் முறை வந்ததும் பிரமாணப் பத்திரத்தைக் கொடுப்பேன். வக்கீல் "அறியாமல்" என்று போட்டிருந்தார், அந்தச் சொல்லை நீக்கச் சொல்லிவிட்டேன். யாரையும் கேட்காமல் செய்தேன் என்றுதான் இருக்கிறது.

2. மருந்துக்கடைக்காரர் ஒரு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வருவார். அவரைக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்குவேன்.

3. பெரியப்பாவுக்கு நகலை நானே கொண்டுபோவேன். படி ஏறக் கூடாதென்றால் தெருவில் நின்று கொடுப்பேன்.

4. நாற்பத்தொரு வயதில் உயில் எதற்கு என்று அம்மா சிரிக்கிறாள். இந்த மாதமே எழுதுவேன்.

5. இன்று சாயங்காலம் தையல் அக்கா வீட்டுக்குப் போய், தாமதம் இல்லை, கெடுத்தது நான்தான் என்று சொல்வேன். அதற்குப் பிறகும் உள்ளே விட்டாளானால், அந்த மேஜையை மாட்டிக் கொடுத்துவிட்டு வருவேன்.

அப்பா