மூன்றாம் மாடிக்கு வராதவள்

அக்டோபர் 9, வியாழன்

என்னை வகுப்புக்கு வராதவள் என்று குறித்துவிட்டார்கள். கீழே லிஃப்டுக்குக் காத்திருந்த என்னை.

இன்று ‘அனுபவ நாள்’. ‘ஊனமும் அணுகல் வசதியும்’ சான்றிதழ்ப் படிப்பில் இருக்கும் நாங்கள் எல்லோரும் காலை முழுக்க வாடகைச் சக்கர நாற்காலியில் சுற்றிவிட்டு, மூன்றாம் மாடியில் கூடி, கற்றதைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் ஒன்றுதான். நான் சொந்த நாற்காலியில் வரிசையின் கடைசியில்.

கூடப் படிக்கும் சிக்னே திரும்பிச் சிரித்தாள். “வரிசைல வாங்க, போடில். இன்னைக்கு எல்லாரும் சமம்.”

படிக்கட்டு ஓரம் ஒரு வாடகை நாற்காலி காலியாக நின்றது. பொறுமை போன யாரோ எழுந்து நடந்து போயிருக்கிறார்கள். நான் மேலே போனபோது கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். ஆசிரியர் எஸ்பென் தாமதமாக வருபவர்களைச் சேர்ப்பதில்லை.

அக்டோபர் 10

எஸ்பென்: “கட்டாய வகுப்பு, நான் என்ன பண்ண? ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, சரிக்கட்டிடலாம்.”

“என்ன எழுத?”

“சக்கர நாற்காலில உக்காந்தப்ப என்ன தோணிச்சுன்னு.”

“எப்போ? மூணு வயசுலயா?”

முகம் சிவந்தது. ஆனாலும் குறித்ததை அழிக்கவில்லை. கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவிய வருடம், இவன் அப்பாவே பிறந்திருக்க மாட்டார்.

அக்டோபர் 14

இலையுதிர் விடுமுறை. மழை. தோள் வலி. கறுப்பு ரொட்டி வெட்டக்கூட முடியவில்லை.

அக்டோபர் 20

சிக்னே இலவங்கப்பட்டை ரொட்டியோடு வீட்டுக்கு வந்தாள். “சும்மா தமாஷுக்குத்தான் சொன்னேன். அந்தப் பக்கத்த நானே எழுதித் தரவா?”

“நான் வராமப் போகலம்மா. வர விடல. அதுக்கு நான் ஏன் ஈடு கட்டணும்?”

“சான்றிதழ் போயிடுமே! நீச்சல் குளத்துக்கு யாரு போறது?”

அதுதான் இடிக்கிறது. நகராட்சி புதிய நீச்சல் குளம் கட்டுகிறது. வரைபடத்தைச் சோதிக்கும் குழுவில் சான்றிதழ் உள்ளவர்கள் மட்டும். குளிர்காலத்தில் முடிவாகிவிடும். கான்கிரீட் ஊற்றிய பிறகு யாரிடம் போய்க் கத்துவது? கட்டட விதிகளை வீட்டில் உட்கார்ந்து தனியாகவே படித்தவள் நான், பள்ளியைப் பாதியில் விட்டவள். எல்லாம் இந்த ஒரு தாளில் நிற்கிறதா?

எழுதிவிடலாமா? ஒரு பக்கம்தானே — பேனாவை எடுத்தேன். ச்சீ. மூடி வைத்தேன்.

நவம்பர் 6

முறையீட்டுக் கூட்டம். துறைத் தலைவி அன்பாகத்தான் பேசினாள். “பதிவ மாத்த வழியில்ல, போடில். அந்த ஒரு பக்கம் குடுங்களேன்.” மாட்டேன் என்றேன். எஸ்பென் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, யாரும் கேட்காமலே, “தட்டினது எனக்குக் கேட்டுது,” என்றான்.

நவம்பர் 7

அசதி. ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 27

பதிவு மாறவில்லை. சான்றிதழ் இல்லை. அனுபவ நாளை நிறுத்திவிட்டார்கள். இனி என்ன செய்வது என்று என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன்:

துறைத் தலைவி: வாடகை நாற்காலிகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டாவது லிஃப்ட் வரும்வரை வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற வேண்டும்.

எஸ்பென்: தட்டினால் கதவைத் திறக்க வேண்டும்.

சிக்னே: குழுவில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. குளத்துக்குள் இறங்கச் சாய்தளம் வைக்கும்வரை கையெழுத்துப் போடக் கூடாது.

நான்: அடுத்த செப்டம்பரில் இதே படிப்பில் மறுபடி முதலிலிருந்து சேர வேண்டும். எழுபத்தேழு ஆகியிருக்கும். ஆகட்டும்.