ஃபிரிட்ஜுக்குப் போகாத குழாய்கள்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குடையை ஸ்டாஃப் பஸ்ஸிலேயே விட்டாச்சு. இந்த மழைக்கு இரண்டாவது குடை.

லேபில் இன்றும் ஒட்டவில்லை. இன்டீனின் வேலை, இரண்டு புரதத் துண்டுகளை ஒட்டிவிட்டுத் தான் கழன்றுகொள்வது. பழைய இன்டீன் ரொம்பப் பிகு. ஒட்டுமிடத்தில் தனக்குப் பிடித்த அமினோ அமிலம் இருந்தால்தான் ஒட்டும். எது இருந்தாலும் ஒட்டட்டும் என்று நாங்கள் மாற்றிச் செய்ததோ எதையுமே ஒட்டமாட்டேன் என்கிறது.

வெள்ளி மீட்டிங். அதற்குள், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒட்டின புரதத்தின் பட்டை தெரியாவிட்டால் பிராஜெக்ட் மூடல். எனக்கு வேறு பிரிவு. பக்கத்து மேஜை புவனாவுக்கு கான்ட்ராக்ட் முடிந்து திருநெல்வேலி. அவள் இல்லாமல் மதியச் சாப்பாடா? நினைக்கவே பிடிக்கவில்லை.

அம்மாவிடம் இன்டீனை விளக்கினேன். கேட்டது ஒன்றே ஒன்று: "சேத்து வெச்சிட்டு ஒண்ணும் வாங்காம பூடுதா? நம்ம கல்யாண புரோக்கரும் கீறாரே."

நவ. 12, புதன்

இன்னும் மழை. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்கிறார்களாம், ஆளாளுக்குப் பேச்சு. சாயங்காலம் பஸ் சீக்கிரமே ஹாரன். ஓட்டம்.

படப்பை தாண்டியதும் புவனா முகம் வெளுத்தது. இன்டீனோடு கலந்து வைத்த புரதக் குழாய்களை ஃபிரிட்ஜில் வைக்காமல் மேஜையிலேயே விட்டுவிட்டாளாம். இந்தப் புரதம் சூடு தாங்காது என்று லேப் தலைவர் சார் படித்துப் படித்துச் சொன்னது. கோபம். காட்டவில்லை. (கொஞ்சம் காட்டினேன்.)

வாங்க: கொசுவத்தி, குடை.

நவ. 13, வியாழன்

வெயில்! துணி மாடியில்.

குழாய்களைக் கொட்டப் போனேன். புவனா தடுத்தாள். "கொட்டத்தானக்கா போறோம். ஒரு தடவ ஜெல்லுல ஓட்டிப் பாத்துருவோமே."

ஓட்டினோம். மேலே, ஒட்டின புரதம் வரவேண்டிய இடத்தில் புதுப் பட்டை, தடியாக! ஃபிரிட்ஜில் வைத்த செவ்வாய்க்கிழமைக் குழாய்களில் ஒன்றுமில்லை. சூடு தாங்காது என்று குளிரில் போட்டு அதைத் தூங்க வைத்ததே நாங்கள்தான்.

ஒருமுறை வந்தால் சார் நம்பமாட்டார். மறுபடி கலந்து, வேண்டுமென்றே மேஜையில். யாரும் பொறுப்பாக எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி செக்யூரிட்டி அண்ணனிடம் கெஞ்சல்.

நவ. 14, வெள்ளி

மறுபடியும் பட்டை. அம்மா மாதாவுக்கு நேர்ந்த மெழுகுவர்த்தி ஞாயிறன்று.

மீட்டிங்கில் சார் கேட்டார், வெளியே வைக்கலாம் என்று எப்படித் தோன்றியது? வெப்பநிலை ஒப்பீடு, அது இது என்று கௌரவமான பதில் தயாராக வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் புவனா:

"பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சுட்டான் சார். போட்டது போட்டபடி ஓடிட்டோம்."

சார்தான் முதலில் சிரித்தார். பிராஜெக்ட் தொடரும். புவனா கான்ட்ராக்ட் நீட்டிப்பு. பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்.

சாயங்காலம் டிரைவர் அண்ணனுக்கு டீ, வடை. எதுக்கும்மா என்றார். புவனா இன்டீனிலிருந்து ஆரம்பித்தாள். பஸ் லேட்.