வாசலில் வீசிய படுக்கை

மில் க்ரீக், தென் கரோலினா
1870 அக்டோபர் 27

அன்பு மகள் லவீனியாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவுல நான் உயிரோட இருக்கேன், ஒஹையோவுல நீயும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகமா இருக்கணும். நீ கத்துக்கொடுத்த எழுத்துதான், கோணலா இருந்தா சிரிக்காதே.

தேர்தல் எப்படி நடந்ததுன்னு கேட்டிருந்தே. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல கண்ணு. போன மாசம் பென்ரோஸ் துரை உங்க அப்பாவைக் கூப்பிட்டு, என் நிலத்துல உழறவன் என் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடணும், இல்லேன்னா ராத்திரியில குதிரையேறி அடிக்க வர்ற முகமூடிக்காரங்களுக்கு நான் பொறுப்பில்லன்னாராம். இந்த மனுஷனும் சரிங்க ஐயான்னு தலையாட்டிட்டு வந்துட்டார். எனக்கு வந்ததே கோபம்! அடிமைக் காலத்துல நம்ம மூத்தவனை ஏலம் போட்டு வித்த கூட்டத்துக்கா உங்க ஓட்டு, நீங்கல்லாம் ஒரு ஆம்பளையான்னு கேட்டு, அவர் படுக்கையைச் சுருட்டி வாசல்ல வீசிட்டேன். அன்னிலேருந்து கோழிக்கூட்டுப் பக்கம்தான் படுத்தார். இங்கே எனக்கு மிச்சம் இருக்கிறது நீ ஒருத்திதான் டார்க்கஸ், அதான் பயந்தேன்னு ஒரு தடவை சொன்னார். நான் காதுல போட்டுக்கல.

தேர்தலன்னிக்கு, நமக்குக் காவலா வர வேண்டிய அரசாங்கப் பட்டாளம் இருபது மைலுக்கு அப்பால இருந்தது. ஆம்பளைங்க வரிசையில நிக்க, நாங்க பொம்பளைங்க சால்வைக்குள்ள கைக்கோடாலியை மறைச்சுக்கிட்டுக் காவல் நின்னோம். சீட்டு நிறத்தைப் பார்த்தாலே எந்தக் கட்சின்னு தெரிஞ்சுடும். ஓட்டுப்பெட்டிக்குப் பக்கத்துல துரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா கையில துரை கொடுத்த வெள்ளைச் சீட்டு. பெட்டிகிட்டப் போனதும் அப்பா குனிஞ்சு பூட்ஸைக் கழட்டி, உள்ளேயிருந்து நம்ம கட்சியோட சிவப்புச் சீட்டை எடுத்து, துரை பார்க்கப் பார்க்கப் போட்டார். வெள்ளையைத் துரை மடியில வச்சு, இது உங்களதுங்க ஐயான்னார். பெருமையில நான் அழுதுட்டேன் அம்மாடி.

சாயங்காலமே பன்னிரண்டு குதிரையில முகமூடிக்காரங்க வந்துட்டாங்க. அதுக்கு முன்னாடியே அப்பா சதுப்புக்காட்டுக்குள்ள போயிட்டார். கதவை உடைச்சுத் தேடினாங்க, என்னையும் அடிச்சாங்க. இப்போ பரவாயில்ல. பட்டாளம் முந்தாநாள்தான் வந்தது, பேரைச் சொன்னாத்தான் பிடிக்க முடியும்னாங்க, குரலை வச்சு எனக்குத் தெரிஞ்ச நாலு பேரையும் சொல்லிட்டேன். காட்டோரம் விழுந்து கிடக்கிற மரத்தடியில எட்டு நாளா அப்பாவுக்குச் சோள ரொட்டி வச்சுட்டு வர்றேன். ஏழு நாள் எடுத்துக்கிட்டார். நேத்து வச்சது இன்னிக்கும் அப்படியே இருக்கு. அவர் பாட்டுக்குத் தலையாட்டிட்டு வீட்டுல இருந்திருப்பார், என் வாய்தான் அவரைத் துரத்திடுச்சு.

கிறிஸ்துமஸுக்கு வரேன்னு கிளம்பிடாதே. பதில் போதகர் பேருக்குப் போடு, உறை மேல அப்பா பேரை எழுதாதே, தபால்காரர் துரைக்கு மச்சான். குளிருக்குக் கழுத்தை மூடிக்கோ. ஆண்டவர் உன் தலைமேல கை வச்சுக் காக்கட்டும். ராத்திரி ஜெபத்துல அப்பா பேரைச் சத்தமா சொல்லு.

அவர் படுக்கையை உள்ளே எடுத்து விரிச்சு வச்சிருக்கேன்.

உன் அம்மா
டார்க்கஸ்