உழுத வயலில் எடுத்த நாணயம்

ஊஸ்டர்,
12.10.1987

அன்புள்ள அருள்மலருக்கு,

நான் நல்ல சுகம். நீரும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

நானும் என் அறைத்தோழன் கிளமென்றும் பழைய நாணயம் தேடவென்று உலோகம் காட்டும் கருவி ஒன்று வாங்கினோம். ஆழத்தில் தேடும் பெரியதை அவன் விரும்பினான். துருப்பிடித்த ஆணிக்கும் செம்புக்கும் வேறு வேறு சத்தம் தரும் சிறியதை நான்தான் தெரிந்தெடுத்தேன். வயற்காரரிடம் கேட்டு ஞாயிறுகளில் தேடினோம். போன மாதம் ரோமர் காலத்து நாணயம் ஒன்று என் கையில் அகப்பட்டது. எனக்கு இங்கு பேசும் டொச் மொழி தெரியாததால், பழம்பொருட்கள் வைக்கும் நூதனசாலைக்கு அதைக் கொண்டுபோனபோது கிளமென்ற் கதைத்தான்.

பத்திரிகையில் அவன் படம் மட்டும் வந்தது. அவன் தனியே கண்டெடுத்ததாக அதில் எழுதியிருப்பதை வயற்காரரின் மனைவி எனக்குச் சைகையால் விளக்கினார்.

கிளமென்றிடம் கேட்டேன்.

"உன்ர அகதி வழக்கு முடியேல்லை. பேர் வந்தாப் பிரச்சினை எண்டுதான் சொல்லேல்லை" என்றான்.

"அப்ப உன்ர வழக்கு முடிஞ்சுதோ?"

அவன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நீர் யோசிக்க வேண்டாம், சண்டை ஒன்றும் இல்லை. கருவியை அவனிடமே விட்டுவிட்டு வேறு அறைக்கு மாறிவிட்டேன். புதிய முகவரி பின்பக்கம் இருக்கிறது. வேலைக்கு நேரமாகிறது. இதுவரை அவன்தான் சமைத்தான். மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு கரைப்பது என்று எழுதும். ஒரு ஆளுக்கு மட்டும் அளவு சொல்லும்.

உமது,
மரியநாயகம்