ஈச்சங்குப்பத்தார் வியந்த விவரம்

9-1-1957
மனு ஒருவழியாக முடிந்தது. புத்தூர் தாலுகா ஆபீஸ் வாசலில் ஊருக்கெல்லாம் பெட்டிஷன் எழுதுகிறவன், இன்று என் சொந்த ஊருக்காக எழுதினேன். ஈச்சங்குப்பம் ஆந்திராவிலேயே நின்றுவிட்டால் பள்ளியில் தமிழ் வகுப்பை மூடிவிடுவார்களாம். அந்த வகுப்பின் டீச்சர் என் மனைவி யசோதா. நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோது எங்களை மெட்ராஸோடு சேர்க்காதது கண்டு நாங்கள் என்ன ஆனோம்? 'சர்ப்ரைஸ்' போதாது. மாமியார் சொல்லாமல் வந்து நின்றால் அது சர்ப்ரைஸ். வந்த மாமியார் மறுநாளே கிளம்பிவிட்டால், வாயைப் பிளந்து நிற்போமே, அதுதான் 'அஸ்டானிஷ்'. அதையே போட்டேன். ஊரார் அத்தனை பேரும் அஸ்டானிஷ் ஆனோம் என்று.

10-1-1957
"ஆச்சரியப்பட்டோம்னு தமிழ்லயே எழுதனா ஆவாதா?" என்றாள் யசோதா. இவளுக்கு ஆபீஸ் விஷயம் என்ன தெரியும்!

2-2-1957
பதில் வந்துவிட்டது. அஸ்டானிஷ் ஆனவர்கள் எத்தனை பேர், எந்தத் தேதியில் ஆனார்கள், தற்போதும் அதே நிலையில் இருக்கிறார்களா? பதினான்காம் தேதி இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிப்பாராம்.

3-2-1957
ஊர்க்கூட்டம். வார்த்தைக்கு அர்த்தம் சொன்னேன். பொன்னியம்மா எழுந்து, "அது வந்து போயி மூணு மாசம் ஆவுது. இன்னும் எங்க வெச்சினு இருக்கறது அத?" என்றாள்.

அகராதியைப் புரட்டினேன். எவ்வளவு நாள் தாங்கும் என்று ஒரு வரி கூட இல்லை.

12-2-1957
இன்ஸ்பெக்டர் முன் அஸ்டானிஷ் ஆகி நிற்பதற்கு ஒத்திகை. கையைக் கன்னத்தில் வைத்தால் துக்க வீடு மாதிரி இருக்கிறது. புருவத்தைத் தூக்கினால் சிரிப்பு வருகிறது. கன்னையா ஒருவன்தான் தேறினான். அவன் வாயைத் திறந்தால் கடைவாய்ப்பல் வரை தெரிகிறது. அவனை முன்வரிசையில் நிறுத்துவதாக முடிவு.

14-2-1957
எங்கிருந்து ஆரம்பிப்பது?

இன்ஸ்பெக்டர் நாகையா பத்து மணிக்கு வருவதாகச் சொல்லி ஒரு மணிக்கு வந்தார். கன்னையா ஒன்பதிலிருந்தே வாயைத் திறந்து வைத்திருக்கிறான். நாகையா தலைகளை எண்ணினார், நாற்பத்திரண்டு. "சரேலெண்டி, போதும். எல்லாரும் மூடலாம்" என்றார். நாற்பத்தோரு வாய் மூடியது. கன்னையாவுடையது மூடவில்லை. தாடை கழன்று மாட்டிக்கொண்டது. "ஆ... ஆ..." என்கிறான், கண்ணில் நீர். அவன் பெண்சாதி வள்ளி, "இன்னாய்யா எழுதித் தொலைச்ச? எம் புருசன் சோறு துன்றதா வாணாவா?" என்று என் சட்டையைப் பிடித்தாள்.

நாகையாதான் தன் ஜீப்பில் போட்டுப் புத்தூர் எலும்பு வைத்தியரிடம் கொண்டு போனார். நானும் தொற்றிக்கொண்டேன். வைத்தியர் இரண்டு கட்டைவிரலை உள்ளே விட்டு ஓர் அழுத்து. 'டக்'. தாடை சேர்ந்தது. துணியால் கட்டுப் போட்டார்.

திரும்பும்போது நாகையா மெதுவாகக் கேட்டார்: "ஏமண்டி, நிஜமாவே இவ்வளவா?" நான் பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை.

20-3-1957
உத்தரவு. ஊர் ஆந்திராவிலேயே இருக்கும். ஆனால் – இதை மூன்று முறை படித்தேன் – 'ஊராரின் அஸ்டானிஷ்மென்ட் கடுமையானதாகவும் தொடர்ந்து நீடிப்பதாகவும் காணப்படுவதால், அது தீரும் வரை தமிழ் வகுப்பை மூட வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு முறை பார்வையிடப்படும்.'

யசோதா படித்துவிட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

14-2-1958
தீரவில்லை. இம்முறை கன்னையாவைப் பின்வரிசையில் நிறுத்தினோம்.

14-2-1959
தீரவில்லை. பொன்னியம்மா பாயசம் வைத்தாள்.

2-4-1960
இந்த ஆண்டுப் பார்வை தள்ளிப்போய் இன்றுதான் நடந்தது. மறுபடி வகுத்த மாநில எல்லை நேற்று முடிவாகிவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர் மெட்ராஸோடு போனது, எங்களுடையது போகவில்லை. உள்ளுக்குள் எல்லோருமே ஏதோ எதிர்பார்த்திருந்தோம் போல.

நாகையா வந்தபோது யாரும் வரிசையில் நிற்கவில்லை. ஒத்திகையும் இல்லை. அவரவர் வாசலில் சும்மா நின்றார்கள். கன்னையா வாயை மூடிக்கொண்டு ரோட்டையே பார்த்தான். நாகையா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எண்ணவில்லை. ஜீப் மேல் காகிதத்தை வைத்து எழுதினார்: 'இன்னும் தீரவில்லை.'

மணி அடித்தது. யசோதா ஐந்தாம் பாடம் தொடங்கினாள். சாக்பீஸ் தீர்ந்துவிட்டதாம், நாளை புத்தூரிலிருந்து வாங்கி வர வேண்டும்.