ஆனந்தக் கண்ணீர் என்று போட்டார்கள்

உப்பளம், புதுச்சேரி
18.11.2007

அன்புள்ள சுமலதாவுக்கு,

ராஜாங்கம் எழுதுவது. நானும் கயல்விழியும் நலம். உன் கால்வலி தேவலையா? லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் உங்கள் ஆஸ்பத்திரி பாக்கியலட்சுமி சிஸ்டரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல முடியவில்லை, கயல் பக்கத்திலேயே நிற்கிறாள்.

குழந்தைகள் தினத்தன்று டிவியில் அந்த விருது விழாவைப் பார்த்தாய். நடிகர் கோப்பையைத் தூக்குகிறார். அடுத்து நம் மகள் முகம், கன்னமெல்லாம் கண்ணீர். கீழே 'ஆனந்தக் கண்ணீர்' என்று எழுத்து. விடுதியில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாயாம். வெள்ளிக்கிழமை போனில், "அந்த நடிகர்னா ஒனக்கு அவ்ளோ உசுராடி?" என்று சிரித்தாய். அவள் "ம்" என்றதோடு சரி.

அது ஆனந்தமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை சுமா.

'குழந்தைகளே ஓட்டுப் போடும் விருது' என்று சொல்லித்தான் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். பெற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, பிடித்தவர் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் எழுதியது, சாயங்கால நிகழ்ச்சியில் கிளி பொம்மைக்குக் குரல் கொடுக்கிற அக்காவின் பெயர். நீ போன புதிதில் அந்தக் கிளி பேச ஆரம்பித்தால்தான் இவள் வாயில் சோறு இறங்கும்.

சீட்டுப் பெட்டியை யாரும் திறக்கவே இல்லையாம். அதற்குள் நடிகர் மேடையேறிவிட்டார், கோப்பையில் அவர் பெயரும் பொறித்தாயிற்று. நம் பெண் சும்மா இருப்பாளா? உன் வயிற்றில் பிறந்தவளாயிற்றே. நிகழ்ச்சிக்காரன் ஒருவனிடம், "அண்ணா, இன்னும் எண்ணவே இல்லியே?" என்று கேட்டிருக்கிறாள்.

"எண்றதெல்லாம் எங்க வேல. எழுந்து கை தட்டு" என்றானாம்.

"நான் அவருக்குப் போடலியே" என்று உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். அவன் தோளைப் பிடித்து எழுப்பி, "மூஞ்சியப் பாரு, இதையெல்லாம் யாரு முன்னாடி உக்கார வெச்சது?" என்று அத்தனை பிள்ளைகள் நடுவில் கத்தியிருக்கிறான். ஒன்பது வயதுப் பெண்! அப்போது வந்த அழுகையைத்தான் படம் பிடித்து, அந்த நடிகரின் வெற்றிக்குத் தோரணமாகக் கட்டிவிட்டார்கள். பிள்ளையின் ஓட்டையும் எடுத்துக்கொண்டார்கள், கண்ணீரையும் எடுத்துக்கொண்டார்கள். இவர்களெல்லாம் பிள்ளை பெற்றவர்கள்தானா?

அன்று வெளியே வந்தவள் தலைவலி என்றாள். வெயில் என்று நானும் விட்டுவிட்டேன். உன் போனுக்குப் பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

நேற்று அந்த டிவி கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். அங்கிருந்த பெண், "எத்தன பேருக்கு சார் இந்த அதிர்ஷ்டம் கெடைக்கும்?" என்கிறாள். நடிகர் கையெழுத்துப் போட்ட போட்டோ ஒன்று அனுப்பி வைக்கிறார்களாம். "அனுப்பினா கிழிச்சித் திருப்பி அனுப்புவேன்" என்று வைத்துவிட்டேன். புகார் எழுதியிருக்கிறேன், பதில் வராது என்றும் தெரியும். கடைக்கு ஃபேன் ரிப்பேருக்கு வருகிறவர்கள்கூட "ஒங்க பொண்ணு டிவியில வந்துச்சே" என்று கை குலுக்குகிறார்கள். எரிச்சலாக வருகிறது. ஒவ்வொருவரிடமும் நின்று உண்மையைச் சொல்கிறேன். பாதிப் பேர் நம்பவில்லை. "டிவில அப்படித்தான போட்டான்?" என்கிறார்கள்.

ஊர் என்ன நம்பினால் என்ன. நேற்று தலைவாரிக்கொண்டிருந்தபோது கயல் கேட்டாள்: "அம்மாவும் நம்பிட்டாங்களாப்பா?"

உன்னைக் குறை சொல்லவில்லை சுமா. கடல் தாண்டி, அவ்வளவு சின்னப் பெட்டிக்குள் பார்த்தால் யாருக்குத்தான் தெரியும்? யாருக்காக நீ அங்கே கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த முறை கூப்பிடும்போது அந்த விழாப் பேச்சை எடுத்துச் சிரிக்காதே. "நீ எதுக்கு அழுதேன்னு அம்மாவுக்குத் தெரியும்டி" என்று மட்டும் சொல். அதைக் கேட்டு அவள் மறுபடி அழுதால், போன் கார்டில் காசு தீர்ந்தாலும் பரவாயில்லை, போனை வைத்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு. வீராம்பட்டினத்து அம்மன் உனக்குத் துணையிருப்பாள்.

என்றும் உன்,
ராஜாங்கம்